கனடாக் குளிரும் கல்முனைத் தோணியும்

கல்முனைக் கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பனி என்பது மார்கழி விடியற்காலையில் புல்நுனியில் நிற்கும் துளி மாத்திரமே. வெப்பமானி இருபது பாகைக்குக் கீழே இறங்குவது எமது ஊரில் அபூர்வம். இத்தகைய ஊரில், குளிரினால் ஒரு படகு இயந்திரம் வெடித்துக் கிடந்தது என்று நாம் கூறினால் வாசகர்கள் நகைப்பார்கள். நாமும் முதலில் நகைக்கவே செய்தோம். ஆனால், அந்த இயந்திரத்தை முன்னிட்டு இரண்டு ஏழைக் குடும்பங்கள் பகைத்துக்கொள்ள இருந்தன என்பதை அறிந்தபோது எமது நகைப்பு அடங்கிற்று.

சாய்ந்தமருதில் எம்மிடம் பௌதிகம் கற்ற மாணவன் ஒருவன் இருந்தான். அவனுடைய தந்தையார் கண்ணாடி நார்த் தோணி ஒன்றை வைத்துக்கொண்டு கடற்றொழில் செய்பவர். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி காலையில் கடல் ஊருக்குள் புகுந்தபோது தோணியையும், வலைகளையும், இயந்திரத்தையும் ஒருங்கே பறிகொடுத்தவர். அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட அந்நாளில் உயிர் தப்பியதே பெரிது என்பார். பின்னர் உதவியாகக் கிடைத்த ஒரு வெளியிணைப்பு இயந்திரத்தை இருபது வருடத்துக்கு மேல் உழைக்க வைத்தார். அதற்கும் முதுமை வந்தது. 2022 ஆம் ஆண்டில் டொலரொன்று 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியதையும், அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயாக உயர்ந்ததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புதிய இயந்திரமொன்றின் விலையைக் கேட்டுவிட்டு அவர் கடைப் படியிலிருந்து பேசாமல் இறங்கி வந்துவிட்டாராம்.

மூத்த மகன் கனடாவில் இருக்கிறான். கோடைகாலத்தில் ஏரியில் தூண்டில் போடும் பொழுதுபோக்குக்காரர் ஒருவர், தமது பழைய இயந்திரத்தை ஒக்டோபர் மாதத்தில் மலிவாக விற்றார். மகன் அதை வாங்கி, மரப்பெட்டியில் படுக்கவைத்து, பொருள் அனுப்பும் களஞ்சியமொன்றின் முற்றத்தில் ஒப்படைத்தான். கொள்கலன் நிறையும் வரை பெட்டி தை மாதம் முழுவதும் அங்கேயே கிடந்தது. பிறகு கப்பலேறிக் கொழும்பு வந்து, அங்கிருந்து இரத்தினபுரி, மொனராகலை, பொத்துவில் என்று நீளும் ஏ4 பெருந்தெருவழியே லொறியில் சாய்ந்தமருதை அடைந்தது.

பெட்டியைத் திறந்தார்கள். அடிப்பலகை முழுவதும் எண்ணெய்க் கறை. இயந்திரத்தின் கீழ்ப்பாகத்தில், பற்சில்லுகள் அடங்கிய வார்ப்பு அலுமினியப் பெட்டியின் பக்கவாட்டில், ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு.

பழி யார்மேல் விழும்? லொறிச் சாரதியின்மேல்தான் விழுந்தது. மலைச்சரிவில் பெட்டியை உருட்டிவிட்டான், இறக்கும்போது கீழே போட்டுவிட்டான் என்று ஆளுக்கொரு காட்சியைக் கற்பனை செய்தார்கள். கூலியைக் கொடுக்க மறுத்ததோடு நட்டஈடும் கேட்டார்கள். அவனோ அக்கரைப்பற்றில் கடனுக்கு லொறி எடுத்து ஓட்டுபவன். பேச்சுத் தடித்து, பொலிசுக்குப் போவோம் என்ற நிலையில், “விஞ்ஞானம் படிப்பிக்கிற சேர் ஒருவர் இருக்கிறார், அவரைக் கேட்போம்” என்று எமது பழைய மாணவன் சொல்லியிருக்கிறான். பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் சென்று சேர்ந்தோம். வாசலில் நின்ற சாரதி, “அல்லாஹ் அறிய நான் இதைக் கீழே போடல்ல சேர்” என்றான். நாம் ஒன்றும் சொல்லவில்லை. எமக்கே ஒன்றும் தெரியாதிருந்தது.

முதலில் மரப்பெட்டியைப் பார்த்தோம். ஒரு மூலையேனும் நசுங்கவில்லை. அடுத்து வெடிப்பைத் தடவிப் பார்த்தோம். ஒரு பொருள் வெளியிலிருந்து அடிபட்டால் அடிபட்ட இடம் உட்குழியும். இங்கோ வெடிப்பின் இரு உதடுகளும் வெளிநோக்கிப் பிதுங்கி நின்றன. மேற்பூச்சும் வெளிப்புறமாகவே உரிந்திருந்தது. ஆகவே அடித்த கை உள்ளேயிருந்தே அடித்திருக்கிறது. எஞ்சிய எண்ணெயை வழிய விட்டபோது, அது தேன் நிறத்தில் வரவில்லை. பால் கலந்த தேநீர் போல வெண்ணிறமாய்க் குழம்பி வந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்திருப்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. கடைசியாக, கூட இருந்த இளம் மெக்கானிக் சுழல்விசிறியைக் கழற்றினான். அதன் தண்டைச் சுற்றி நைலோன் தூண்டில் நூல் இறுக்கமாகச் சுற்றிக் கிடந்தது. அந்நூல் உராய்ந்து உராய்ந்து, நீர் உட்புகாமல் காக்கும் இறப்பர் வளையத்தை அறுத்திருந்தது. அந்த ஓட்டைவழியே கோடை முழுவதும் ஏரித் தண்ணீர் எண்ணெய்க்குள் ஊறியிருக்கிறது. பெட்டியில் படுக்கவைத்தபோது அது வெளியேறவில்லை. தை மாதம் வந்தது. டொரொன்டோ நகரில் அம்மாதத்துச் சராசரிக் குளிரே பூச்சியத்துக்குக் கீழ்தான். கடுங்குளிர் நாட்களில் மைனஸ் இருபது பாகையைத் தொடுவதும் உண்டு. உள்ளே கிடந்த தண்ணீர் உறைந்தது. உறைந்த தண்ணீர் இடம் கேட்டது. அலுமினியம் இடம் கொடுக்க மறுத்து வெடித்தது.

“ஐஸ் பட்டால் இரும்பு கூடவா வெடிக்கும் சேர்?” என்று தந்தையார் நம்பாமல் கேட்டார். மீனுக்கு நாள்தோறும் ஐஸ் போடுகின்ற மனிதர் அவர். அவருக்கு ஐஸ் பயம் தரும் பொருளன்று. நியாயமான கேள்விதான்.

மாணவ நேயர்கள் இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கண்ணாடிக் குவளையை எடுக்க வேண்டாம், அது உடைந்து கையைக் கிழிக்கும். நேரான பிளாஸ்டிக் குவளையொன்றில் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றி, நீர்மட்டத்தில் ஒரு கோடு கீறி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் ஓரிரவு வையுங்கள். காலையில் ஐஸ் அந்தக் கோட்டுக்கு மேலே ஏறி நிற்கும். பெரும்பாலான பொருள்கள் உறையும்போது சுருங்குகின்றன. தண்ணீரோ 4 பாகை வரை சுருங்கி, அதற்குக் கீழே விரியத் தொடங்கி, உறையும் கணத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கிறது. ஐஸ் தண்ணீரில் மிதப்பதும் இதனாலேதான். திறந்த குவளையில் இப்பெருக்கம் மேலே ஏறி அமைதி அடைகிறது. நாலு புறமும் மூடிய இரும்புக்குள் அதற்குப் போக்கிடம் இல்லை. அப்போது அது காட்டும் பலம் மிகப் பயங்கரமானது. மைனஸ் 22 பாகையளவில் அது இரண்டாயிரம் வளிமண்டல அழுத்தத்தை எட்டும். அதாவது ஒரு சதுர அங்குலத்தில் பத்துத் தொன்னுக்கும் மேற்பட்ட பாரம்!

வினோதம் யாதெனில், இதை உலகறியச் செய்து காட்டிய பழைய பரிசோதனைகளுள் ஒன்றும் கனடாவிலேயே நிகழ்ந்தது. 1784 ஆம் ஆண்டை ஒட்டிய குளிர்காலத்தில், கியூபெக் நகரில் எட்வர்ட் வில்லியம்ஸ் என்னும் பீரங்கிப் படை அதிகாரி, பீரங்கிக்குரிய இரும்புக் குண்டுகளின் உட்கூட்டில் தண்ணீரை நிரப்பி, துவாரத்தை இரும்பு அடைப்பானால் இறுக மூடி, இரவுக் குளிரில் வெளியே வைத்தார். சில குண்டுகளின் அடைப்பான்கள் துப்பாக்கிக் குண்டு போல நூற்றுக்கணக்கான அடி தூரம் பறந்தன. அடைப்பான் அசையாத குண்டுகள் தாமே பிளந்தன. வெடிமருந்து ஒரு துளியும் இல்லை. வெறும் தண்ணீர்!

ஆனால் தந்தையாருக்கு நாம் கியூபெக்கைப் பற்றிச் சொல்லவில்லை. ஐஸ் தொழிற்சாலையைப் பற்றியே கேட்டோம். அங்கே தகர அச்சுகளில் நன்னீரை ஊற்றி ஒரு பெருந் தொட்டிக்குள் இறக்குகிறார்கள் அல்லவா? தொட்டியில் அச்சுகளைச் சுற்றி நிற்பது என்ன? உப்புக் கரைசல். அது பூச்சியத்துக்குக் கீழே எட்டுப் பத்துப் பாகைக் குளிரில் இருந்தும் உறையாமல் திரவமாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. அச்சுக்குள் இருக்கும் நன்னீர் மாத்திரம் கல்லாகிவிடுகிறது. “ஓம், அந்த உப்புத் தண்ணியில கை வச்சா கை விறைச்சிரும், ஆனால் அது ஐஸாகாது” என்றார் அவர். அவ்வளவுதான். குளிர்நாட்டார் தமது இயந்திரங்களைக் காக்கும் இரகசியத்தின் பாதி, எமது கரையோர ஐஸ் தொழிற்சாலைத் தொட்டியிலேயே இருக்கிறது. தண்ணீரில் வேறொரு பொருள் கரைந்திருந்தால் அதன் உறைநிலை தாழ்ந்துவிடும். கடல்நீர் கூட நன்னீரைப் போலப் பூச்சியத்தில் உறைவதில்லை. மைனஸ் இரண்டு பாகையை நெருங்கிய பின்னரே உறைகிறது.

உப்பு உலோகத்தை அரிக்கும் ஆகையால் இயந்திரத்துக்கு உப்பைப் பயன்படுத்த முடியாது. எனவே எதிலீன் கிளைக்கோல் என்னும் திரவத்தைக் கலக்கிறார்கள். லொறிகளின் றேடியேற்றரில் பச்சை நிறமாக ஊற்றப்படுவது பெரும்பாலும் இதுவே. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தனிக் கிளைக்கோல் மைனஸ் 13 பாகையிலேயே உறைந்துவிடும். தண்ணீரோ பூச்சியத்தில் உறையும். இவ்விரண்டையும் சரிபாதியாகக் கலந்தாலோ மைனஸ் 37 பாகை வரை உறையாது! இரண்டு பலவீனர்கள் கூடி ஒரு பலசாலி ஆன கதை. ஆனால் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: கிளைக்கோல் இனிப்பான நஞ்சு. குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் இனிப்பென்று நக்கி உயிரிழந்த சம்பவங்கள் மேல்நாடுகளில் உண்டு. வெற்றுப் போத்தலைக் கூட வீட்டில் வைக்கலாகாது. இது காரணமாகவே, பின்னர் நீர்நிலையில் வெளியேறப் போகும் படகு இயந்திரங்களுக்கு, நச்சுத்தன்மை மிகக் குறைந்த புரொப்பிலீன் கிளைக்கோலைக் கனடாவிலும் அமெரிக்காவிலும் உபயோகிக்கிறார்கள்.

படகினுள்ளே பொருத்தப்படும் பெரிய டீசல் இயந்திரங்களுக்குத்தான் இத்திரவம் அவசியம். அவற்றின் குளிர்த்தும் குழாய்கள் பல மூலைகளில் வளைந்து செல்வதால் தண்ணீர் எங்கேனும் தேங்கிவிடும். அடைப்பான்களைத் திறந்து வடித்தாலும் ஓரிடத்தில் ஒரு கோப்பைத் தண்ணீர் மிஞ்சினாற் போதும், வார்ப்பிரும்பு பிளக்க. வெளியிணைப்பு இயந்திரம் அப்படியன்று. அதன் அடியில் ஓர் இறப்பர்ச் சிறகுப் பம்பி தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்ப, அது சிலிண்டர்களைச் சுற்றி ஓடிக் கீழே விழுகிறது. இயந்திரத்தை நிமிர்த்தி நிறுத்தினால் தண்ணீர் தானாகவே வடிந்துவிடும்படி அதைச் சமைத்திருக்கிறார்கள். இலவசமாய்க் கிடைத்த இப்பாதுகாப்பை, படுக்கவைப்பதன் மூலம் நாமே கெடுத்துக்கொள்கிறோம். படுத்த இயந்திரத்தில் தண்ணீர் குழாய்களில் தங்கும். தலைப்பக்கம் தாழ்ந்திருந்தால் புகைவழியே சிலிண்டருக்குள்ளும் புகும்.

ஆகவே குளிர்நாட்டிலிருந்து இயந்திரம் அனுப்புவோர் செய்ய வேண்டியது பெரிய வித்தையொன்றுமன்று. நன்னீரில் சிறிது நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, நிமிர்ந்த நிலையில் வைத்து, ஓடாதபடி பாதுகாப்புக் கயிற்றைக் கழற்றிவிட்டுச் சில தடவை கயிறிழுத்தால் பம்பியில் எஞ்சிய நீரும் வெளியேறும். பின் கீழ்ப்பெட்டியின் இரு திருகாணிகளையும் கழற்றி எண்ணெயைப் பார்க்க வேண்டும். தேன் போல வந்தால் நல்லது, பால் போல வந்தால் இறப்பர் வளையத்தை மாற்றிய பிறகே மேற்காரியம். எரிபொருளை முற்றாக வடித்து, பிளக்குகளைக் கழற்றிச் சிலிண்டருக்குள் சிறிது எண்ணெய் விட வேண்டும். படுக்கவைத்தே ஆக வேண்டுமாயின் எந்தப் பக்கமாக என்பதைத் தயாரித்தவர்கள் இயந்திரத்திலோ கைந்நூலிலோ குறித்திருப்பார்கள். தலைப்பக்கம் சற்றே உயர்ந்திருக்கட்டும்.

இந்தியாவில் இக்கவலை இராணுவத்துக்கும் உண்டு. 2021 ஜனவரியில் இந்தியத் தரைப்படை, லடாக்கின் பாங்கொங் ஏரி போன்ற பெருநீர்நிலைகளில் ரோந்து செல்வதற்கென்று பன்னிரண்டு விரைவுப் படகுகளுக்குக் கோவாக் கப்பல் கட்டும் தளத்துடன் ஒப்பந்தம் செய்தது. வெதுவெதுப்பான அரபிக் கடலோரத்தில் உருவாகும் படகு, கடல்மட்டத்திலிருந்து 4,200 மீற்றருக்கு மேலே உள்ள ஏரியில் மிதக்க வேண்டும். லே நகரிலிருந்து அவ்வேரிக்குச் செல்லும் பாதையோ 5,000 மீற்றருக்கும் உயர்ந்த சாங் லா கணவாயைக் கடக்கிறது. பாங்கொங் உவர் ஏரிதான். ஆயினும் மாரியில் முற்றாக உறைந்துபோகிறது. உவர்ப்பு ஓரிரு பாகைக்குக் காவல், மைனஸ் இருபதுக்கு அன்று.

எமது நாட்டில் இவ்வச்சம் எங்கேனும் உண்டா என்று சிலர் கேட்கக்கூடும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் சில விடியற்காலைகளில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடுவதைப் பத்திரிகைகளில் படத்துடன் காண்கிறோம். எனினும் அது புல்லின்மேற் படியும் சில மணி நேரக் குளிர். சூரியன் எழுந்ததும் போய்விடும். அவ்வழியே லொறியில் போகும் இயந்திரத்தைப் பிளக்க அது போதாது. ஆகவே அந்தச் சாரதி எந்த மலைவழியே வந்திருந்தாலும் குற்றவாளியாகியிரான்.

குளிர் எமக்குப் பகையன்று, ஆனால் தேங்கிய தண்ணீர் இங்கும் பகையே. கனடாவில் அது ஓரிரவில் செய்வதை எமது கடல்நீர் சில வருடங்களில் செய்கிறது. கடலில் ஓடிய இயந்திரத்தின் உள்வழிகளில் எஞ்சும் நீர் காய்ந்து உப்பாகிப் படிகிறது. படிவு தடித்துத் தண்ணீரோட்டம் குறைந்து, இயந்திரம் சூடேறி இறுகுகிறது. மாரியில், வாடைக்காற்று எழுந்து கார்த்திகை முதல் கடல் கொந்தளிக்கும்போது, தோணிகளைக் கரையேற்றி இயந்திரத்தை வாடிக்குள் சாத்திவிடுகிறோம். அதே மாதங்களில்தான் கனடாக்காரரும் தமது படகை மூடி வைக்கிறார். அவர் வடித்துத் துடைத்து எண்ணெய் மாற்றி வைக்கிறார். எம்மவரிற் பலர் கடைசி நாள் கடல்நீருடனேயே வைத்துவிடுகிறார்கள். ஒரு பீப்பாய் நன்னீரில் பத்து நிமிடம் ஓடவிடுவதற்குப் பணமும் அதிகம் வேண்டியதில்லை. இயந்திரத்தின் அடியில் பொருத்தியிருக்கும் துத்தநாகத் துண்டை அழகுக்காகப் பெயின்ற் பூசி மறைப்பவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் கரைந்துபோகவே அத்துண்டு அங்கே இருக்கிறது. பூசிவிட்டால் அதன் வேலை நின்றுபோகும்.

கடலில் மூழ்கி மீண்ட இயந்திரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆழிப்பேரலைக்குப் பின் மணலிலிருந்து தோண்டியெடுத்த இயந்திரங்களை வெயிலில் காயவைத்தவர்கள் பலர். அது தவறு. உப்புநீரில் ஊறிய உலோகத்தைக் காற்றுப் பட்டவுடன் துரு பற்றுகிறது. உடனே கழற்றிச் சுத்தம் செய்ய ஆளில்லையானால், நன்னீர் நிறைந்த பீப்பாயில் முழுவதும் அமிழ்த்தி வைத்திருப்பதே மேல். இதை அன்று எமக்கு யாரும் சொல்லவில்லை. எமக்கும் தெரிந்திருக்கவில்லை.

சாய்ந்தமருது வாசலுக்குத் திரும்புவோம். வெடிப்பின் உதடுகளையும், பால் எண்ணெயையும், நூற்சுருளையும் காட்டி முடித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. தந்தையார் நெடுநேரம் நூற்சுருளையே கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். எமது கடலிலும் அறுந்த நைலோன் நூலுக்குக் குறைவில்லை என்பது அவருக்குத் தெரியும். பின் உள்ளே சென்று நிறுத்தி வைத்திருந்த லொறிக் கூலியைக் கொண்டுவந்து சாரதியின் கையில் வைத்தார். “குறை நினைக்காதே தம்பி, சாப்பிட்டுப் போ” என்றார். அவன் சாப்பிடாமல் போகவில்லை. எமக்கும் பிளேன்ரீ வந்தது.

இயந்திரத்தின் தலைப்பகுதியைப் பீப்பாய்த் தண்ணீரில் வைத்துச் சோதித்ததில் சிலிண்டர்கள் பழுதின்றித் தப்பியிருந்தன. வெடித்த கீழ்ப்பெட்டியை ஒட்டவைப்பதற்கு மெக்கானிக் இணங்கவில்லை. ஒட்டிய அலுமினியம் கடலில் நெடுநாள் நிற்காது என்றான். அதே வகையில் தலை எரிந்துபோன பழைய இயந்திரமொன்றின் கீழ்ப்பாகத்தைத் தேடி வாங்கிப் பொருத்த இரண்டு மாதம் பிடித்தது. சித்திரையில் தொடங்கும் நல்ல பருவத்தின் இரண்டு மாதங்கள் அவை. அந்த நாட்களில் அவர் பிறருடைய கரைவலையில் பங்குக்கு இழுத்தார்.

சென்ற மாரியில் அவ்வீட்டுக்கு மறுபடியும் சென்றிருந்தோம். மருதமுனையில் உறவினர் ஒருவருக்கும் இயந்திரம் வேண்டுமாம். தந்தையார் தொலைபேசியில் மகனுடன் பேசிக்கொண்டிருந்தார்.

“படுக்கப் போடாதே மகன், நிமிர்த்தியே வை. முதல்ல விசிறியைக் கழற்றி நூல் இருக்கா எண்டு பார். எண்ணெய் பால் மாதிரி வந்தா வாங்காதே... அங்க இப்ப எத்தனை பாகை?”

மறுமுனையில் ஏதோ சொன்னார்கள்.

“மைனஸ் பதினொண்டா? அப்ப முற்றத்தில வைக்காதே, வீட்டுக்குள்ள எடு!”